சிவப்புத் துணி கட்டியிருந்த ஃபோர்க்

அந்தத் துணி இல்லாமலே அப்பா அதைக் கண்டுகொண்டாரா? அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

நினைவு மலரில் இதையெல்லாம் எழுத வேண்டாம் என்றார்கள் அம்மா. "நல்லதா நாலு வார்த்த எழுதுவியா, பயத்த எழுதிட்டிருக்கற?" நல்லதையும் எழுதுகிறேன். ஆனால் இதை விட்டுவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை.

அப்பா தேன்கனிக்கோட்டைக்கு அருகில் ஒரு ராகி விவசாயக் குடும்பத்தின் மூத்த மகன். அறுப்புக்கு நின்ற ராகியை யானைகள் மேய்ந்துவிட்டுப் போன ஒரு வருடம், படிப்பை நிறுத்திவிட்டு ஓசூருக்கு வந்தார். மூக்கண்டப்பள்ளியில் ஒற்றை அறை, தொழிற்பேட்டையில் இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை. தம்பியை, அதாவது என் சித்தப்பாவை, படிக்க வைத்ததும் ஊரில் நிலம் கைவிட்டுப் போகாமல் நின்றதும் அந்த வேலையால்தான். பதிலுக்கு அந்த இயந்திரங்கள் அப்பாவின் காதுகளை எடுத்துக்கொண்டன. நான் கல்லூரி முடித்தபோது அவரிடம் சத்தமாகச் சொன்னால்தான் கேட்கும்.

ஷிப்டுக்குப் போகச் சைக்கிள் இல்லாமல், பழைய இரும்புக் கடையிலிருந்து பழங்காலச் சட்டம் ஒன்றை எடுத்துவந்து தானே கட்டியதுதான் தொடக்கம். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்றாலே மொட்டைமாடிதான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தின் கோட்டம் எடுப்பார். துருவேறிய ஹேண்டில்பாரைப் புளி கரைத்துத் தேய்ப்பார். "ரசத்துக்குப் புளி இல்ல. உங்க ஹேண்டில்பாரயே கொதிக்க வெச்சுக் குடிங்க" என்று அம்மா கத்துவார்கள். சக்கர அச்சின் பால்ரஸ் குண்டுகள் என் டிபன் பாக்ஸ் மூடியில் மண்ணெண்ணெயில் ஊறும். இதைப் படிக்கும் பலர் வீட்டு வாசலில் நிற்கும் சைக்கிள் அப்படி வந்ததுதான்.

அப்பா கட்டிய வண்டியிலிருந்து யாரும் விழுந்ததில்லை. இரும்பைத் தட்டிப் பார்த்து, சத்தத்தை வைத்தே விரிசலைச் சொல்லிவிடும் மெக்கானிக்குகள் உண்டு. அப்பாவுக்கு அது கேட்காது. அதனால் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், நகத்தால் வருடுவார். சந்தேகம் வந்த பாகத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி அலமாரியில் வைத்துவிடுவார். என்றாவது பற்றவைத்துக்கொள்ளலாம் என்று எதையும் எறிய மாட்டார். ஆனால் சிவப்புத் துணி கட்டியது வண்டியில் ஏறாது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

அப்பாவின் கடைசி ஆயுத பூஜை. டயாலிசிஸ் முடிந்து வந்து படுத்திருந்தார். அவர் எழுந்து பார்த்தால் மகிழட்டும் என்று நானே அலமாரியைச் சுத்தம் செய்தேன். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க், ஒரே அளவில் நான்கு இருந்தன. ஒன்றின் கழுத்தில் எண்ணெய்ப் பிசுக்கேறிய கறுப்புத் துணி. அழுக்கு என்று அவிழ்த்தேன். நான்கையும் துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, வரிசையாக அடுக்கினேன். துணியைச் சோப்புத் தண்ணீரில் போட்டதும் வாளியில் சிவப்பு இறங்கியது. அதற்குள் எதில் கட்டியிருந்தது என்று தெரியாமல் நான்கும் ஒன்றுபோல இருந்தன.

அப்பா எழுந்ததும் சொல்ல நினைத்தேன். அன்று சாயங்காலம் என் மகளுக்குக் காய்ச்சல். மறுநாள் அப்பாவுக்கு மூச்சுத் திணறல். பிறகு எனக்கு மறந்தே போனது. மறந்ததா, சொல்லப் பயந்தேனா என்றுகூட இப்போது சந்தேகமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு அப்பா இரண்டு வண்டிகள் கட்டினார். ஒன்று என் மகளுக்கு. நடுங்கும் கையால் அதன் ஃபோர்க் கழுத்தைச் சுற்றி மஞ்சள் பூங்கொடி வரைந்தார். மற்றொன்று சித்தப்பாவுக்கு. சில வாரங்களில் அப்பா காலமானார்.

காரியம் முடிந்து அலமாரியை ஒழித்தபோது ஒரே ஒரு ஃபோர்க் இருந்தது. தெருமுனைச் சைக்கிள் மெக்கானிக் தட்டிப் பார்த்து நல்லது என்றார். அப்படியானால் இரண்டு வண்டிகளில் ஏறின. ஒன்றைக் காணவில்லை. அது விரிசல் விட்டதுதான், அப்பா கண்டுகொண்டு அகற்றிவிட்டார் என்றால் நான் பிழைத்தேன். நல்ல ஒன்றை யாருக்காவது கொடுத்திருந்தால், விரிசல் விட்டது அந்த இரண்டு வண்டிகளில் ஒன்றில் இருக்கிறது.

மகளின் சைக்கிளைச் சங்கிலி போட்டுப் பூட்டினேன். பெயிண்ட் ஏறி மாட்டியதில் தட்டினால் சத்தம் சரியாக வராது, பெயிண்டைச் சுரண்டினால்தான் தெரியும் என்றார் மெக்கானிக். நான்கு மாதம் மனம் வரவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உப்புத்தாளை எடுத்தேன்.

"தாத்தா வரஞ்ச பூவ எதுக்கும்மா அழிக்கிற?"

"அம்மா ஒரு தப்புப் பண்ணிட்டேன் கண்ணு. அதப் பாக்கணும்."

"தப்பு நீதான பண்ண? பூ என்ன பண்ணுச்சு?"

உப்புத்தாளை அழுத்தித் தேய்த்தேன். பூங்கொடி மஞ்சள் தூளாக என் மடியில் உதிர்ந்தது. கழுத்தில் ஒரு கீறல்கூட இல்லை. தரையில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடிப்பதற்குள் அடுத்த நினைப்பு வந்துவிட்டது. இதில் இல்லையென்றால், சித்தப்பாவின் வண்டியில் இருக்கலாம்.

ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் சித்தப்பா தினமும் அந்தச் சைக்கிளில்தான் ராகிக் காட்டுக்குப் போய் வருகிறார். சானமாவுப் பக்கம் யானை இறங்கியது என்று கேள்விப்பட்டால் இறக்கத்தில் பிரேக்கே பிடிக்காமல் வருபவர் அவர். உடனே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"எங்கண்ணன் பாக்காம மாட்டியிருப்பாரா? காதுதான் கேக்காது, கண்ணு கழுகுக் கண்ணும்மா."

"நான் துணிய அவுத்துட்டேன் சித்தப்பா. நல்ல ஃபோர்க் ஒண்ணு இங்க இருக்கு. மாத்திக்கலாம்."

"என் எடைக்கு இத்தன நாள் ஒடையாதது இனிமேலா ஒடையப் போவுது? அண்ணன் கடைசியா மாட்டுனத நான் கழட்ட மாட்டேன். போயிப் புள்ளைக்குச் சோத்தப் போடு."

நேரில் இரண்டு முறை போனேன். மோர் கொடுத்து அனுப்பிவிட்டார். நான் வருவது தெரிந்தால் இப்போது சைக்கிளை எங்கோ நிறுத்திவிடுகிறார்.

அப்பாவை வாரம் தவறாமல் டயாலிசிஸுக்கு ஆட்டோவில் அழைத்துச் சென்ற பக்கத்து வீட்டு அண்ணனுக்கும், பொறுமையாகச் சத்தம் போட்டுப் பேசிய செவிலியர்களுக்கும், அப்பாவைத் தோளில் சுமந்த பிரஸ் ஷாப் நண்பர்களுக்கும், காரிய நாட்களில் எங்கள் வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்ட அத்தைமார்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

உங்களிடம் இன்னும் ஒரு உதவி கேட்கிறேன். கடைசி நாட்களில் அப்பா உங்களில் யாருக்காவது ஒரு ஃபோர்க் கொடுத்தாரா? தூக்கிப் போடச் சொல்லி எதையாவது தந்தாரா? நினைவிருந்தால் அம்மாவிடமாவது சொல்லுங்கள். யாருக்கும் தெரியாது என்றால், சித்தப்பாவிடம் எப்படிப் பேசினால் அவர் அந்த வண்டியை விட்டு இறங்குவார் என்று எனக்குச் சொல்லுங்கள். அண்ணன் மீது சந்தேகப்படச் சொல்கிறேன் என்று அவர் நினைக்கிறார். நான் சந்தேகப்படச் சொல்வது என்னை. அதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது?