ஆறு ஜெனரேட்டருக்கும் குங்குமம்

எங்கள் ஊர்ப் பக்கம் ஒருவனைப் பற்றி 'கேம்ப்பில் இருக்கான்' என்று சொன்னால் போதும், கேட்பவர் உடனே 'எந்த ரெஜிமென்ட்?' என்பார். வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் மகாராஜபுரம்தான் எங்களுக்குப் பூர்வீகம். அப்பாவின் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக யாராவது ஒருவர் பட்டாளத்தில் இருந்திருக்கிறார். அப்பா ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். நான் ஆள்சேர்ப்புக்கு மூன்று முறை போனேன். மூன்று முறையும் ஓட்டத்தில் முதல் பத்துப் பேரில் வந்தேன், மூன்று முறையும் டாக்டர் என் பாதத்தைப் பார்த்துவிட்டு, தட்டைப் பாதம், போகலாம் என்றார். மூன்றாவது முறை திரும்பி வந்தபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "சரி, வேற சோலியப் பாரு" என்றார். அதற்கப்புறம் என் வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. ஐ.டி.ஐ. முடித்து ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரீஷியனாகப் பன்னிரண்டு வருடம் இருந்தேன். எந்த மில் என்றுகூட அவர் கேட்கவில்லை.

பிறகு ஏஜென்சி மூலமாக வளைகுடாவில் ஒரு வேலை வந்தது. வேறொரு நாட்டுப் படை அங்கே பாலைவனத்தில் ஒரு தளம் வைத்திருக்கிறது. துப்பாக்கி பிடிப்பது அவர்கள் வேலை. சமையல், சலவை, தண்ணீர், கரண்ட் எல்லாம் எங்களைப் போன்ற ஒப்பந்தக்காரர்களின் வேலை. எனக்கு ஆறு ஜெனரேட்டர்கள். ஒவ்வொன்றும் மினிபஸ் அளவு இருக்கும். மணிக்கொரு தடவை ஆயில் பிரஷர், தண்ணீர்ச் சூடு, லோடு எல்லாம் பார்த்து எழுத வேண்டும். காதில் அடைப்பான், உடம்பெல்லாம் டீசல் நாற்றம். சண்டைக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை.

சிலர் அந்த இடத்தைப் பற்றிக் குறை சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். வெயில்தான், ஊர் ஞாபகம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மூன்று வேளையும் வயிறு நிறையச் சாப்பாடு. எனக்குக் காய்ச்சல் வந்தபோது படைவீரன் படுக்கும் அதே ஆஸ்பத்திரியில்தான் என்னையும் படுக்க வைத்தார்கள். ஃபோர்மேன் பிலிப்பைன்ஸ்காரர், வாயைத் திறந்தால் திட்டுதான். ஆனால் என் ஷிஃப்டில் நான் தண்ணீர் குடித்தேனா என்று பாட்டிலைத் தூக்கிப் பார்ப்பார். உண்ட வீட்டுக்கு நன்றி கெட்டவனாக இருக்க எனக்கு இஷ்டமில்லை.

அதை எல்லாம்விடப் பெரிய விஷயம் அப்பாவிடம் வந்த மாற்றம். மதுரை விமான நிலையம் வரைக்கும் வந்தார். இப்போது நாங்கள் குடியிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில், எங்கள் தெரு டீக்கடையில், கேட்டவர், கேட்காதவர் எல்லோரிடமும் "மகன் கேம்ப்ல இருக்கான்" என்று சொல்வதாக என் மனைவி போனில் சொல்லிச் சிரித்தாள். யாருடைய கேம்ப், என்ன வேலை என்பதை அவர் விளக்குவதில்லை. என்னிடம் பேசும்போது, "காலையில பேரேடு உண்டாலே?" என்பார். எனக்கு என்ன பேரேடு! "உண்டுப்பா" என்று சொல்லிவைப்பேன்.

அங்கே எங்கள் உயிர் கழுத்தில் தொங்கும் ஓர் அட்டையில் இருக்கிறது. அட்டை இருந்தால்தான் வாசல், அட்டை இருந்தால்தான் சோறு. பாதுகாப்புப் பிரிவு அதைப் பிடுங்கினால் அன்றைக்கே விமானம் ஏற்றிவிடுவார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் விளையாட்டாகப் போட்டோ எடுத்தவனை அப்படி அனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன். எனக்கு வேலை போவதுகூடப் பயமில்லை, ராஜபாளையத்தில் எந்த மில்லிலும் சேர்ந்துகொள்வேன். கேம்ப்பிலிருந்து விரட்டிவிட்டார்கள் என்று அப்பா முன்னால் போய் நிற்பது? நாலாவது தடவை? அது மட்டும் என்னால் முடியாது.

இனி நான் செய்த கூத்துக்கு வருகிறேன். அந்த வருடம் கோடையில் ஒருநாள் மூன்றாம் நம்பர் ஜெனரேட்டரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பேனா எழுதவில்லை. சனியனே என்று திட்டிக்கொண்டு வேறு பேனா எடுக்க நாலடி நகர்ந்தேன். பின்னால் டமார் என்று சத்தம். ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து, நான் நின்ற இடத்தில் கொதிக்கும் தண்ணீர் ஆவியோடு பீய்ச்சி அடித்தது. ஃபோர்மேன் ஓடிவந்து என் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டுகூடப் படவில்லை. எனக்கு என்ன தோன்றியது என்றால், நான் விலகும் வரைக்கும் அந்த மெஷின் பொறுத்திருந்தது. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆயுத பூஜை அன்றைக்கு எங்கள் மில்லில் ஒரு ஸ்பேனரைக்கூட விட மாட்டோம். எல்லாவற்றையும் துடைத்து, பேனல் போர்டு, மோட்டார், ஏணி, டெஸ்டர் வரைக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். எலுமிச்சம்பழத்தை வெட்டி, உள்ளே குங்குமம் தடவி, திருஷ்டி கழித்து இரண்டு பக்கமும் பிழிந்து போடுவோம். பொரி, சுண்டல், அப்புறம்தான் லீவு. வெளிநாட்டுக்கு வந்த பிறகும் வருடா வருடம் பேனல் கதவின் உட்பக்கம், யார் கண்ணிலும் படாமல், கடுகளவு ஒரு பொட்டு வைத்துவிடுவேன். அந்த வருடம் மட்டும் அப்படித் திருட்டுத்தனமாக நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆயுத பூஜை அன்று காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட் ஏறினேன். பெட்டியில் மனைவி வைத்து அனுப்பிய ஆண்டாள் கோயில் குங்குமம் இருந்தது, சந்தன வில்லை இருந்தது. ஆறு ஜெனரேட்டரையும் துடைத்து, வெளியே, முகப்பில், உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் பூசி, நடுவில் செக்கச்செவேல் என்று குங்குமம் வைத்தேன். சாப்பாட்டுக் கூடத்தில் வாங்கிய எலுமிச்சம்பழங்களை வெட்டி, குங்குமம் தடவி, ஒவ்வொன்றின் முன்னாலும் பிழிந்து, மூன்றாம் நம்பர் முன்னால் கூடுதலாக ஒன்று பிழிந்தேன். கும்பிட்டேன். மனசு நிறைந்துபோய் ரீடிங் எடுக்கப் பின்பக்கம் போனேன்.

கொஞ்ச நேரத்தில் சைரன் அடித்தது. எல்லோரும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும் என்று ஒலிபெருக்கியில் உத்தரவு. வாசலை மூடிவிட்டார்கள். காலைச் சாப்பாடு நின்றுபோனது. எந்த மடையன் என்ன செய்து தொலைத்தானோ என்று நானும் எல்லோரோடும் சேர்ந்து திட்டிக்கொண்டு நின்றேன். அப்போதுதான் பார்த்தேன், முதல் ஜெனரேட்டருக்கு முன்னால் ஒரு சிப்பாய் மண்டியிட்டு என் பொட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். இன்னொருவன் எலுமிச்சம்பழத்தை இடுக்கியால் எடுத்து பிளாஸ்டிக் பையில் போட்டான்.

பிறகுதான் விளக்கினார்கள். படைத்தளத்தில் கரண்ட் கொடுக்கும் மெஷின்களில், வரிசையாக, ஒரே மாதிரி சிவப்பு அடையாளம். ஆறாவது ஜெனரேட்டர்தான் ஆஸ்பத்திரிக்குக் கரண்ட் கொடுப்பது. தரையில் ரத்தம் மாதிரி ஏதோ. எவனோ தாக்குவதற்கு இடம் குறித்துக் கொடுக்கிறான் என்றுதானே நினைப்பார்கள்? அவர்கள் இடத்தில் நான் இருந்தால் நானும் சைரன் அடித்திருப்பேன்.

கையைத் தூக்கிக்கொண்டு, "சார், அது நான்தான்" என்றேன்.

பாதுகாப்பு அலுவலகத்தில் விசாரித்தவர் ஒரு பெண் மேஜர். என்னைவிட வயதில் சின்னவர், குரல் உயரவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. என் அட்டையைக் கழற்றச் சொல்லித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இது என்ன என்று கேட்டார். நன்றி சொல்வது என்றேன். யாருக்கு? மெஷினுக்கு என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை எல்லாம் கொட்டினேன், சரஸ்வதி வரைக்கும் போய் வழி தெரியாமல் நின்றேன். வெளியே காத்திருந்த ஃபோர்மேன் கேட்காமலே உள்ளே வந்து, ஹோஸ் வெடித்த கதையைச் சொன்னார். மேஜர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இதை வேறு யாராவது செய்கிறார்களா, காட்ட முடியுமா என்றார். இன்றைக்குத்தான் பண்டிகை என்றால் உன் வீட்டிலும் நடக்க வேண்டுமே என்றும் கேட்டார்.

வீட்டுக்கா! எங்கே போன் போட்டாலும் போடுவேன், வீட்டுக்குப் போட மாட்டேன் என்று இருந்தது எனக்கு. இந்த நேரத்தில் அப்பா கூடத்திலேதான் உட்கார்ந்திருப்பார். வீட்டில் யாரும் இல்லை மேடம் என்று பொய் சொன்னேன். ஃபோர்மேன் என் காலை மிதித்தார். நல்ல மிதி. அந்த மிதிக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

போன் பேச அனுமதி உள்ள கூடத்துக்கு மூன்று பேரும் நடந்தோம். வீடியோ கால் போட்டேன். மனைவி எடுத்தாள், தலையில் பூ, கையெல்லாம் சந்தனம்.

"என்னங்க, சரியான நேரத்துக்குத்தான் போட்டிய! செத்த நேரம் இருங்க, எல்லாத்தையும் காட்டுதேன்" என்று, நான் வாயைத் திறப்பதற்குள் போனைத் திருப்பிவிட்டாள். அவள் நைட்டி தைக்கும் நாலு தையல் மெஷின்களும் வரிசையாக நின்றன. நாலுக்கும் பொட்டு. கத்தரிக்கோலுக்குப் பொட்டு, இஸ்திரிப் பெட்டிக்குப் பொட்டு. ஸ்கூட்டருக்கு மாலை, சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம். மிக்ஸி, கிரைண்டர், தண்ணீர் மோட்டார், பிள்ளைகளின் லேப்டாப். கடைசியில் பிரிட்ஜ், அதன் நெற்றியிலும் ஒன்று. மேஜர் திரைக்குப் பக்கத்தில் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிரிட்ஜைப் பார்த்ததும் அவர் உதடு லேசாக அசைந்தது.

அட்டை திரும்பக் கிடைத்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், படிப்பவர்களை நான் ஏன் தவிக்கவிட வேண்டும்? எழுத்தில் ஓர் எச்சரிக்கை கொடுத்தார்கள். ஆறு பொட்டையும் என் கையாலேயே துடைக்க வைத்தார்கள். பேனல் கதவின் உட்பக்கம் வைத்துக்கொள், முன்னாலேயே எழுதிக் கேள் என்றார் மேஜர். நாலு மாதத்துக்கு என்னைப் பார்க்கிறவன் எல்லாம் காலைச் சாப்பாடு எங்கே என்று கேட்டான். அதெல்லாம் பெரிசில்லை.

மனைவி போனைச் சுற்றிக் காட்டிக்கொண்டு வந்தபோது, பிரிட்ஜுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா இருந்தார். முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு ஆள் பிடித்தால்தான் எழுந்திருப்பார். திரையில் என் தோளுக்குப் பின்னால் யூனிஃபார்ம் தெரிந்தது. நான் மறைக்கப் பார்த்தேன், முடியவில்லை. அப்பா நாற்காலிக் கையைப் பிடித்து, யாரையும் கூப்பிடாமல், எழுந்து நின்றார். குதிகால் இரண்டும் சேர்ந்தன. சல்யூட் அடித்தார். மேஜரும் நிமிர்ந்து பதில் சல்யூட் வைத்தார்.

"என்னலே நடந்துச்சு? மறைக்காமச் சொல்லு" என்றார் அப்பா. ஆபீசர் தானாக வந்து போனில் எட்டிப் பார்க்க மாட்டார் என்பது அவருக்குத் தெரியாதா? சொன்னேன். பொட்டு வைத்ததும், சைரனும், அட்டையைக் கழற்றியதும். எல்லாம் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

மேஜர் என்னிடம், உன் அப்பா ராணுவத்தில் இருந்தவரா என்றார். ஆமாம் என்றேன். நீயும் இருந்தாயா என்று அடுத்துக் கேட்டார். அவர் சும்மாதான் கேட்டார். அந்த அளவுக்கு ஆங்கிலம் அப்பாவுக்குப் புரியும். நான் பதில் சொல்வதற்குள் அப்பா முந்திக்கொண்டார். ஆபீசர் என்றால் அவருக்குப் பெண்ணும் சார்தான்.

"இல்ல சார். மூணு தடவ போனான். எடுக்கல."

உலகத்தில் எங்கே போனாலும் இந்த வாக்கியம் என்னைத் தேடி வந்துவிடும்போல என்று நினைத்தேன்.

"எடுக்காம விட்டது எங்க பட்டாளத்துக்குத்தான் நட்டம் சார். இவங்கிட்ட ஒரு மெஷினக் குடுத்தா அது நிக்காது. எம் மகன் பொய் சொல்ல மாட்டான்." பிறகு என்னைப் பார்த்து, "என்னலே முழிக்க? அவியளுக்குத் தமிழ் தெரியுமா? நான் சொன்னத இங்கிலீஷ்ல சொல்லு" என்றார்.

மேஜர் காத்திருந்தார். அவ்வளவு ஆங்கிலம் எனக்கு வரும், வராமல் என்ன? முதல் வரியைச் சொன்னேன். இரண்டாவது வரிக்கு வந்தபோது குரல் உடைந்துவிட்டது. நாற்பத்திரண்டு வயதில், ஃபோர்மேன் முன்னால், மேஜர் முன்னால், என் பெண்டாட்டி பார்த்துக்கொண்டிருக்க, கேவிக் கேவி அழுதேன். என்ன சொன்னார் என்று மேஜர் மெதுவாகக் கேட்டார். அழுதுகொண்டே மிச்சத்தையும் சொல்லி முடித்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து என் கையில் வைத்தார்.

அப்பா இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

"ஏலே, டூட்டில இருக்கவன் அழப்படாது. போ, போய் மெஷினப் பாரு."