வழுக்காத ஷூ

புரட்டாசி மழை தொடங்கிவிட்டது. அடுத்த வாரம் நண்பர்களோடு கல்வராயன் மலை ஏறுகிறேன். ஷூ வாங்க இன்று பஜாருக்குப் போனேன்.

மலை ஏற வேண்டும் என்று கடைக்காரரிடம் சொல்லி, ஒரு வெள்ளை ஷூவைப் போட்டுப் பார்த்தேன். பக்கத்தில் மகளுக்குச் செருப்பு பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கேட்டார்:

"மலைக்காங்க? அடி வழவழன்னு இருக்குதே."

"ஒரு நாள்தாங்க."

"எங்க வூட்டுக்காரரும் அப்படித்தான் சொன்னாரு. மைன்ஸ்ல கான்ட்ராக்ட் வேல. வேலைக்குப் போட்டு தேஞ்ச ஷூவையே போட்டுகினு மலைக்குப் போனாரு. எறங்கும்போது மழை. பாறையில வழுக்கிட்டாரு. கீழ தூக்கியாரதுக்குள்ள உயிரு போயிடுச்சி."

மகள் தலை நிமிரவே இல்லை. நான் வெள்ளை ஷூவைக் கழற்றி வைத்தேன்.

அடி நன்றாகப் பிடிக்கிற கறுப்பு ஷூவும் மழைக்கோட்டும் வாங்கினேன். நனைந்தால் கனக்கும் என்று, ஜீன்ஸ் போட்டுப் போகும் எண்ணத்தையும் விட்டுவிட்டேன்.

நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் இதைச் சொன்னதும், "பயந்தாங்கொள்ளி" என்று பதில் வந்தது.

ஆமாம், பயம்தான். உங்களில் யாருக்கு இல்லை, சொல்லுங்கள்.