ஒரு ஆள் குறையுது

சுனாமி வந்து ஐந்து வருடம் ஆன டிசம்பர் மாதம் அது. அப்போது நாங்கள் அந்தமானில் ஹேவ்லாக் தீவில் இருந்தோம். என் வீட்டுக்காரர் டூரிஸ்டுகளுக்கு ஜீப் ஓட்டினார். நான் ஒரு இடத்தில் சமையல் வேலை பார்த்தேன். எந்த இடம் என்று சொன்னபோது சொந்தக்காரர்கள் யாரும் முதலில் நம்பவில்லை. யூதர்களின் ஜெப ஆலயம்.

ஜெப ஆலயம் என்றதும் பெரிய கட்டடத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். பெங்காலிக்காரர்களை இங்கே 'தாதா' என்போம், அண்ணன் என்று அர்த்தம். அப்படி ஒரு தாதாவின் பாக்குத் தோட்டத்துக்குள் மூங்கில் தட்டி அடித்து, தகரம் போட்ட கொட்டகை. சீசனுக்கு இஸ்ரேலிலிருந்து பட்டாளத்து வேலை முடிந்த பையன்களும் பெண்களும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஹேவ்லாக்குக்கு வந்துவிடுவார்கள். அவர்கள் கும்பிட ஓர் இடம் வேண்டும் என்று ஓர் இளம் தம்பதி அந்தக் கொட்டகையை வாடகைக்கு எடுத்திருந்தது. கணவர்தான் பூஜை செய்து வைப்பவர், 'ரபி' என்பார்கள். அவர்களுடைய வேதம் எழுதிய சுருளை, போர்ட் பிளேயரிலிருந்து கப்பலில் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். அதற்கென்று ஒரு மர அலமாரி, அதற்கு ஒரு வெல்வெட் திரை. சாமி அறை அவ்வளவுதான்.

வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. அந்த வாரம் என்னென்ன நடக்கப்போகிறது என்று அவர்கள் மொழியில் வலமிருந்து இடமாக எழுதிப் போடுவார் ரபி. எனக்குத்தான் அந்த எழுத்து தெரியாதே. அதனால் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் எனக்காகப் படம் போடுவார். வெள்ளிக்கிழமை என்றால் மீனும் பின்னல் ரொட்டியும். பெண்களுக்குச் சமையல் வகுப்பு என்றால் ஒரு கரண்டி. எட்டு நாள் விளக்குப் பண்டிகை வரப்போகிறது என்றால் எட்டு விளக்கும், பக்கத்தில் ஒரு எண்ணெய்ச் சட்டியும். அந்தப் பண்டிகைக்கு எண்ணெயில் பொரித்தது சாப்பிடுவது அவர்கள் வழக்கமாம். பொரிப்பதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் முதல் வாரமே வேலையை விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். காரணம் அடுப்பு. காய் நறுக்கலாம், மாவு பிசையலாம், கிளறலாம். அடுப்பை மட்டும் நான் பற்றவைக்கக் கூடாது. ரபியோ அவர் மனைவியோ வந்துதான் நெருப்பு வைக்க வேண்டும். காற்றில் கேஸ் அணைந்துபோனால், "பையா, ஆக் பந்த் ஹோ கயா" என்று நான் கத்த, அவர் புத்தகத்தை மூடிவிட்டு ஓடிவருவார்.

எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. நாங்கள் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். எங்கள் வீட்டு ஆட்களைத் துரை வீட்டுச் சமையலறை வாசலோடு நிறுத்திய கதையெல்லாம் கேட்டு வளர்ந்தவள் நான். கடல் தாண்டி வந்தும் இதே கதைதானா என்று கோபம் வந்தது. நேராகவே கேட்டுவிட்டேன். ரபியின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "தீதி, உங்க கையில ஒண்ணும் இல்ல. எங்க சாப்பாட்டுல எங்க ஆள் ஒருத்தர் கை இருக்கணும்னு சட்டம். எங்க ஊர்லயும் இப்படித்தான்" என்று அரைகுறை இந்தியில் சொன்னாள். தீதி என்றால் அக்கா. பிறகு என் தட்டிலிருந்தே ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள். முழுக்கச் சமாதானம் ஆனேன் என்று சொல்ல மாட்டேன். வேலையை விடவும் இல்லை.

இப்போது என் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும்.

நாங்கள் நிக்கோபாரில் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்ட குடும்பம். அண்ணன் அங்கே பால்வெட்டுத் தொழிலாளி. சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மீன் வாங்கி வருகிறேன் என்று கடற்கரைக்கு இறங்கிப் போனான். அம்மா மேட்டில் இருந்த லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், அடுப்பில் உலை வைத்திருந்தாள். அவ்வளவுதான். அண்ணன் கிடைக்கவே இல்லை, உடம்பும் கிடைக்கவில்லை. நான் கல்யாணமாகி ஹேவ்லாக் வந்துவிட்டதால் தப்பினேன். அம்மாவைக் கப்பலில் ஏற்றிப் போர்ட் பிளேயர் முகாமில் வைத்து, பிறகு அங்கேயே புரோத்ராபூரில் சொந்தக்காரர்கள் பக்கத்தில் ஒரு வீடு பார்த்துக் கொடுத்தோம்.

அம்மா கருமாதி செய்யவிடவில்லை. "உடம்பக் காட்டு, பண்றேன்" என்பாள். நிக்கோபார் பக்கத்திலிருந்து கப்பல் வருகிறது என்று கேள்விப்பட்டால் போதும், பஸ் ஏறி, கப்பல் வந்து நிற்கும் ஜெட்டிக்குப் போய் நின்றுவிடுவாள். வருகிறவர்களிடம் அண்ணனின் அடையாளம் சொல்லிக் கேட்பாள். பெயரை மட்டும் சொல்ல மாட்டாள். சொன்னால் எங்கே அழுகை வந்து, அழுதால் அவன் செத்துப்போனது உறுதியாகிவிடுமோ என்று பயந்தாளோ என்னவோ. கச்சாலிலிருந்து வந்த பழைய ஆட்கள் அம்மாவைத் தூரத்தில் பார்த்தாலே வேறு தெருவில் திரும்பிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவரவர் வீட்டிலும் ஒன்றிரண்டு பேர் போயிருந்தார்கள்.

அந்த டிசம்பர் தொடக்கத்தில் கரும்பலகையில் ஒரு வரிக்குப் பக்கத்தில் ஒற்றை விளக்கு மட்டும் இருந்தது. மீன் இல்லை, ரொட்டி இல்லை. எத்தனை பேருக்குச் சமைக்கணும் என்று கேட்டேன். சமையல் வேண்டாம், அன்றைக்குத் தன் அப்பாவின் திதி என்றார் ரபி. சாயங்காலம் விளக்கேற்றி, கூடி நின்று ஒரு பிரார்த்தனை சொல்ல வேண்டும். கூட்டத்தில் பத்து ஆண்கள் இருந்தால்தான் அதைச் சொல்லலாம். சீசன் நேரம், பத்து என்ன, முப்பது பேர் வருவார்கள் என்று எல்லோரும் நினைத்தோம்.

கடல் வேறு மாதிரி நினைத்தது. இரண்டு நாளாகக் காற்று. புயல் அறிவிப்பு வந்ததும் பாதிப் பேர் கிடைத்த கப்பலில் போர்ட் பிளேயருக்குக் கிளம்பிவிட்டார்கள். அங்கிருந்து வரவேண்டிய கப்பல் வரவில்லை. அன்று சாயங்காலம் கொட்டகையில் ஆண்களை எண்ணினால், ரபியையும் சேர்த்து ஒன்பது பேர்.

கண்ணாடிக் குவளையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ரபி வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தார். என் வீட்டுக்காரர் மழையில் என்னைக் கூட்டிப்போக வந்தவர், விஷயத்தைக் கேட்டதும் ஜீப்பிலிருந்து இறங்கித் தலையைத் துவட்டிக்கொண்டு, "நான் நிக்கிறேன் பாயி" என்றார். ரபி அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. ஆனாலும், உங்களைக் கணக்கில் சேர்க்க முடியாது, எங்கள் ஆளாக இருக்க வேண்டும் என்று மெதுவாகச் சொல்லிவிட்டார். மறுபடியும் அடுப்புக் கதைதான் என்று எனக்குத் தோன்றியது.

"தனியாவே சொல்லிருங்களேன். கடவுளுக்குக் கேக்காதா?" என்றேன்.

"கேக்கும் தீதி. ஆனா இதுக்கு மனுஷங்க ஆமென் சொல்லணும். அப்பாவ இழந்தவன் தனியா நிக்கக் கூடாது. அதுக்குத்தான் இந்தச் சட்டமே."

அதைக் கேட்ட நிமிடம் எனக்கு அடுப்பும் கோபமும் மறந்துபோனது. ஜெட்டியில் ஒற்றை ஆளாய் நிற்கும் அம்மாதான் கண் முன்னால் வந்தாள்.

எனக்கு ஓர் ஆள் நினைவுக்கு வந்தார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் கடலோரக் குடிசையில் நீளமுடி வைத்த இஸ்ரேல்காரர் ஒருவர் தங்கியிருந்தார். கொட்டகையைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். சாமி பூதம் எல்லாம் எனக்கு முடிந்துபோன விஷயம் என்று ஒருநாள் என் வீட்டுக்காரரிடம் ஜீப்பில் சொல்லியிருக்கிறார். அவர் இங்கே இருப்பதே ரபிக்குத் தெரியுமோ என்னவோ. குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அந்தக் காற்றுக்குக் குடை எந்த மூலைக்கு. நனைந்துகொண்டேதான் போனேன்.

மனிதர் ஊஞ்சல் வலையில் படுத்திருந்தார். "ஏக் ஆத்மி கம் ஹை" என்றேன். ஒரு ஆள் குறையுது. விஷயத்தைச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டார். தனக்கு நம்பிக்கை இல்லை, பொய்யாக வந்து நிற்க மாட்டேன் என்றார்.

"நம்ப வேணாம். நின்னாப் போதும்" என்றேன். அவர் அசையவில்லை. திரும்பி வந்திருக்க வேண்டியதுதான். ஆனால் என் வாய் சும்மா இருக்கவில்லை. "என் அண்ணனைக் கடல் கொண்டுபோச்சு. அஞ்சு வருஷமா அவனுக்காக யாரும் வந்து நிக்கல. எங்கம்மா மட்டும் தனியா நிக்கிறா" என்று இந்தியில் கொட்டிவிட்டேன். அதுவரை நான் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

கொட்டகையில் ஒருவர் அவருக்கு, கும்பிடும்போது தலையில் வைக்கும் சின்னத் தொப்பியைக் கொடுத்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. கடைசியில் இருந்த கம்பத்தை ஒட்டி நின்றுகொண்டார். தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்துக்கு மேலே ரபி அந்தப் பிரார்த்தனையைச் சொன்னார். நடுவில் குரல் இரண்டு தடவை நின்றது. நின்ற இடத்தில் மற்றவர்கள் காத்திருந்தார்கள். ஒவ்வொரு ஆமெனும் எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள், கம்பத்தடியிலிருந்து மட்டும் கொஞ்சம் பிந்தி வந்தது. நானும் ரபியின் மனைவியும் சமையலறைத் தட்டிக்குப் பின்னால் நின்று அழுதோம். அந்தப் பிரார்த்தனையில் செத்தவர் பெயரும் இல்லை, சாவு என்ற சொல்லும் இல்லை என்று அவள்தான் சொன்னாள்.

அண்ணன் போன நாளான அந்த மாதம் இருபத்தாறாம் தேதிக்கு அம்மாவிடம் போகிறேன் என்று அவர்களிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமைச் சமையலைத் தாங்கள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். கிளம்பும் அன்று பார்த்தேன், கரும்பலகையில் அந்த வாரத்து நிகழ்ச்சிகளுக்கெல்லாம் கீழே, ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு வரைந்திருந்தது. எழுத்து ஒன்றும் இல்லை. யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

புரோத்ராபூர் போய் அம்மாவிடம் நடந்ததெல்லாம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். அண்ணனைத் தெரிந்தவர்களை நம் வீட்டில் கூப்பிட்டு உட்காரவைக்கப்போகிறேன், பத்துப் பேர், என்றதும் கையை நிறுத்திவிட்டாள்.

"கருமாதி கிருமாதின்னு எவனும் ஏ வாசப்படி ஏறக் கூடாது."

"கருமாதி இல்லம்மா. ஐயரு இல்ல, ஒண்ணும் இல்ல. சும்மா வந்து உக்காருவாங்க."

"உக்காந்து என்னாத்துக்கு?"

ஆனாலும் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன். அண்ணனோடு பால் வெட்டியவர், ஒரே தோட்டத்தில் வேலை பார்த்த ராஞ்சிக்காரர், பக்கத்து லயத்து அக்காமார் இரண்டு பேர், பீடிக் கடனைக் கொடு என்று அண்ணனோடு எப்போதும் வம்பு பண்ணிய கடைக்கார பெங்காலி தாதா, இப்படி. ரபி கணக்கில் ஆண்கள்தான் ஆட்கள். என் கணக்கில் நான் அந்தச் சட்டத்தை வைத்துக்கொள்ளவில்லை. வருவார்களோ மாட்டார்களோ என்று பயந்தேன். கூப்பிட்டதும் ஒருத்தர்கூட ஏன் என்று கேட்கவில்லை. கூப்பிட மாட்டார்களா என்று காத்திருந்தவர்கள் மாதிரி வந்தார்கள்.

என் வீட்டுக்காரருக்குத்தான் அன்று காலைக் கப்பலில் டிக்கெட் கிடைக்கவில்லை. பாயில் உட்கார்ந்திருந்தவர்களை எண்ணினேன். என்னோடு ஒன்பது. அம்மா சமையலறையில் பாத்திரத்தை டமார் டமாரென்று கழுவிக்கொண்டிருந்தாள். பரவாயில்லை, விளக்கை ஏற்றிவிடு என்றார் ராஞ்சிக்காரர். தீப்பெட்டியைக் கையில் எடுத்துவிட்டேன். மனசு கேட்கவில்லை. கீழே வைத்துவிட்டேன்.

"கொஞ்சம் இருப்போம். ஒரு ஆள் குறையுது" என்றேன்.

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. பிறகு அம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள். உட்கார்ந்திருந்த ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். ஐந்து வருடமாக அவளைக் கண்டு தெரு மாறியவர்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். பால்வெட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்னையும் சேத்தா ஆவுதா?" என்று கேட்டாள்.

"ஆவுதும்மா."

என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தீப்பெட்டியை அவளே எடுத்தாள். முதல் குச்சி அணைந்தது, அடுத்தது பற்றியது. விளக்கை ஏற்றிவிட்டு, அண்ணனை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஐந்து வருடத்துக்கு அப்புறம் அந்தப் பெயரை அம்மா வாயால் கேட்டேன். அதன் பிறகு அவள் அழுத அழுகையை நான் எழுதப்போவதில்லை. அழுது ஓயும்வரை ஒருத்தரும் எழுந்து போகவில்லை. பிறகு ஒவ்வொருவராக அண்ணனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அவன் பாட்டுப் பாடிக்கொண்டே மரம் சீவுவான் என்றார் பால்வெட்டுக்காரர். பீடிக்கடன் இன்னும் பாக்கி என்றார் தாதா. அம்மா சிரித்துவிட்டாள். எல்லோருக்கும் அவளே சோறு போட்டாள்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். அதன் பிறகும் ஓரிரண்டு தடவை அம்மா ஜெட்டிக்குப் போனாள். ஆனால் தனியாகப் போகவில்லை, பக்கத்து லயத்து அக்காவோடு போனாள். ஒவ்வொரு டிசம்பரிலும் அவளே ஆள் அனுப்பிக் கூப்பிட ஆரம்பித்தாள்.

ரபி குடும்பம் மறு சீசனில் வேறு ஊருக்குப் போய்விட்டது. அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது ரிசார்ட் இருக்கிறது. அவர்கள் அடுப்புச் சட்டம் எனக்கு இன்றைக்கும் முழுக்கப் புரியவில்லை. ஆனால் யார் வீட்டிலாவது துக்கம் என்று கேள்விப்பட்டால் என்ன சொல்லித் தேற்றுவது என்று இப்போதெல்லாம் நான் யோசித்து நிற்பதில்லை. அங்கே ஒரு ஆள் குறையலாம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன்.