பேர் பிழை எண்டு சொல்லுது

"கொஞ்சம் பொறுங்கோ, இப்ப பாக்கிறன்" என்று லூசியா கணினியிடம் மரியாதையாகச் சொன்னார். பக்கத்தில் நின்ற தம்பி எட்வேட்டிடம், "நீ அங்கால போ" என்றார். இயந்திரங்களுக்கு 'நீங்கள்', தம்பிக்கு 'நீ'. அரிப்பு என்ற ஊரில் இருவரும் படம்பிடிக்கும் ஸ்ரூடியோ திறந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம்.

லூசியா கணினி படித்தது மண்டபம் அகதி முகாமில். ஊர் திரும்பிய படகில் சட்டி பானைகளோடு ஒரு பழைய விசைப்பலகையும் வந்தது. அதைத் தொடுமுன் விரல்களைச் சேலைத் தலைப்பில் துடைப்பார். எடுத்த வேலை முடியுமட்டும் தேத்தண்ணி குடிக்கமாட்டார்.

அன்று கொண்டச்சியிலிருந்து நசீறா, மகளின் கலியாணப் படங்களுக்காக வந்திருந்தார். பின்னேர பஸ்ஸில் அவற்றோடு புத்தளத்துச் சம்பந்தி வீட்டுக்குப் போகவேண்டும். படங்களோ கணினியோடு இணைத்து அலுமாரிக்கு மேல் வைத்திருந்த சேமிப்புப் பெட்டியில். மீளக்குடியேறிய பின் ஊரில் நடந்த கலியாணங்கள் எல்லாமே அதற்குள்தான். காலையில் கணினியைத் துப்புரவாக்குகிறேன் என்று எட்வேட் பெட்டியின் இணைப்பை நீக்கிவிட்டார். திரும்ப இணைக்கப் போனால், 'சாதனத்தின் பெயர் செல்லாது' என்றது கணினி.

எட்வேட் கதிரையில் ஏறி, பெட்டியின் பின்துளையில் ஊசியை வைத்தார். "எல்லாத்தையும் அழிச்சுப் புதுசாத் தொடங்குவம் அக்கா."

"எடடா கையை! குத்தினியெண்டா ஊரில ஒருத்தரும் கலியாணம் கட்டேல்லை எண்டாகிடும்."

"அல்லாவே!" நசீறா ஓடிவந்து கதிரையை இறுகப் பிடித்தார். எட்வேட் இறங்கவேண்டியதாயிற்று.

"பயப்பிடாதேங்கோ" என்றார் லூசியா. "திரும்பி வந்த நேரம் அரசாங்கக் கந்தோரில கிழமைக்கணக்கா அலைய விட்டுத்தான் என்ர பேர் பிழையெண்டு சொன்னவை. இந்தக் கணினியார் உடன சொல்லுறார். நல்ல மனிசன்."

எட்வேட் கணினியில் அடித்திருந்த கட்டளையை லூசியா எழுத்தெழுத்தாக விரல் வைத்து வாசித்தார். பெட்டியின் பெயர் சரி. சாய்கோடுகள் சரி. பெட்டிக்குக் கணினியில் கொடுத்த ஆங்கில அடையாள எழுத்தில் விரல் நின்றது.

"இசெட் எண்டு போட்டனி. அதுக்குப் பக்கத்தில மேலயும் கீழயுமா ரெண்டு புள்ளி எங்க?"

"புள்ளிதானே அக்கா..."

"உன்ர பேரில கடைசிப் புள்ளியை எடுத்துப் பாரன். எட்வேட எண்டு கூப்பிட்டா வருவியே?"

லூசியா புள்ளிகளை இட்டுத் தட்டினார். பெட்டி திறந்தது. படங்கள் வரிசை வரிசையாக வந்தன. நசீறா முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார்.

"என்ன இது, மாப்பிள்ளை ஒண்டுலயும் கண் திறக்கல்லையே!"

படம் எடுத்த எட்வேட் மெல்ல உள்ளறைக்கு நழுவினார். லூசியா ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மறு கையால் அந்தப் படத்தை இன்னும் பெரிதாக்கினார்.