நனைந்த அட்டையும் மச்சானின் கேள்வியும்

இன்று மண்ணரை போகும் டவுன் பஸ்ஸில் மச்சான் மறுபடியும் ஆரம்பித்தார். என் மனைவியின் அண்ணன். கோயிலுக்கும் போகமாட்டார், சர்ச்சுக்கும் வரமாட்டார்.

“ஏனுங்க மாப்ள, பைபிளோட மூலப்பிரதி இப்ப யார்கிட்டயும் இல்லீங்களாமா? ஒண்ணைப் பார்த்து ஒண்ணு கையில எழுதுனதுதான் மிச்சமுங்களாம். எவனாவது தப்பா எழுதியிருந்தா?”

எழுபதுகளில் நாங்கள் இருவரும் ஒரே பனியன் கம்பெனியில் வேலை பார்த்தோம். அவர் கட்டிங், நான் செக்கிங். ஒரு மழையில் கூரை ஒழுகி, துணி வெட்டுகிற அளவு அட்டை ஊறிக் கூழாகிவிட்டது. அதை நினைவுபடுத்தினேன்.

“அன்னைக்கு என்னங்க மச்சான் பண்ணுனீங்க?”

“அந்த அட்டையில வெட்டுன பழைய பனியனுங்களை ஒண்ணு மேல ஒண்ணு போட்டுப் பார்த்தனுங்க. ஒண்ணுல மட்டும் கழுத்து எறங்கிக் கெடந்துச்சு. அதை ஒதுக்கிட்டு, மத்ததை வெச்சுப் புது அட்டை வெட்டுனேன்.”

“பைபிளும் அப்படித்தாங்க. பல ஊருப் பிரதிகளைச் சேர்த்து வெச்சுப் பார்த்தா, எவன் எங்க தப்பு விட்டான்னு தெரிஞ்சுபோகுமுங்க.”

மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

இறங்கும்போது சொன்னார்: “சரிங்க மாப்ள, பைபிளோட அளவு சரியாத்தான் வந்திருக்குதுன்னு வெச்சுக்குவோம். இத்தனை வருசமா போட்டிருக்கறது நீங்கதானுங்களே, பொருந்தியிருக்குதுங்களா? நீங்க சொல்ல வேண்டாமுங்க, தங்கச்சிகிட்டயே கேட்டுக்கறேன்.”

இப்போது வீட்டுக்குள் அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் வாசலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். என்னை நன்றாகத் தெரிந்தவர்கள் தயவுசெய்து கமெண்ட் போட வேண்டாம்.