மைனஸ் பக்கத்து இரைச்சல்

வெள்ளறடைச் சந்தைக்குப் போகும் ரோட்டில், டயர் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவே ஒற்றை அறை பிடித்து ஆனந்தபாய் ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் பழுது பார்க்கத் தொடங்கியது தொண்ணூற்று மூன்றில். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்தவள். கல்யாணமான பெண் சால்டரிங் அயர்னும் கையுமாக ரோட்டோரம் உட்காருவதா என்று புருஷன் வீட்டார் கேட்டார்கள். அதுவரை பாதி இறக்கியே வைத்திருந்த ஷட்டரை அன்றைக்கு முழுதாகத் தூக்கிவிட்டாள்.

மறு வருஷம் தங்கள் சபைக்கு ஒரு மிக்ஸர் செய்து கொடுத்தாள். பாடகர் குழுவின் மைக்குகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் பெட்டி. உள்ளிருக்கும் ஐ.சி. சில்லுகளுக்குப் பிளஸ் பன்னிரண்டு வோல்ட்டும் வேண்டும், மைனஸ் பன்னிரண்டு வோல்ட்டும் வேண்டும். அந்த அளவைக் கூடாமல் குறையாமல் நிறுத்த, பிளஸுக்கு 7812 ரெகுலேட்டர், மைனஸுக்கு 7912. ஒரு வருஷம் நன்றாகப் பாடியது. பிறகு சாயங்கால ஆராதனைகளில் மட்டும், பாட்டுக்கு அடியில் வண்டு புகுந்ததுபோல ஓர் இரைச்சல்.

கடைக்குக் கொண்டுவந்து பகலில் போட்டுப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. சந்தேகத்துக்கு 7912-ஐ மாற்றினாள். பின்பு இன்னொரு முறை மாற்றினாள். இரைச்சல் போகவில்லை. சபைக் கமிட்டி செக்ரட்டரி ராஜையாவுக்குப் பொறுமை போய்விட்டது. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், மைக்செட் வாடகைக்கு விடும் ராபின்சனைக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். ராபின்சனும் புதிய 7912 ஒன்றைப் போட்டு முறுக்கினார். சுவிட்சைத் தட்டியதும் புகை.

சபையின் கன்வென்ஷன் கூட்டங்களுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. செய்தி கேட்ட ஆனந்தபாய் கடையைப் பூட்டிவிட்டு நேரே ஆலயத்துக்கு நடந்தாள்.

"எனக்க பெட்டிய எனக்குத் தெரியாம தொறந்தது ஆரு?"

"நீ ரெண்டு மட்டம் பாத்தும் சரியாவல்லியே மக்களே," என்றார் ராஜையா. "நமக்கு திருவனந்தபுரத்துல இருந்து கம்பெனி சாமானமே ஒண்ணு வாங்கலாம்."

"வாங்குங்க, மாமா. ஆனா இது பெண்ணு செய்ததாக்கும், அதான் கெட்டுதுன்னு சொல்லி வாங்கப்பிடாது. பெட்டிக்க தீனம் என்னதுன்னு கண்டுபிடிச்ச பெறவு வாங்குங்க."

புகைக்குக் காரணம் பெட்டியைத் திறந்தவுடன் தெரிந்தது. 7812-இன் முதுகுத் தகடு கிரவுண்டு. பெட்டியின் இரும்போடு நேரே முறுக்கலாம். 7912-இன் முதுகிலோ, உள்ளே வரும் மைனஸ் வோல்ட் முழுவதும் நிற்கும். நடுவே மின்சாரம் கடத்தாத மைக்கா தாள் வைக்காவிட்டால் ஷார்ட்தான். ராபின்சன் மைக்காவை எடுத்துவிட்டு முறுக்கியிருந்தார். அவள் எரிந்ததை மாற்றினாள், மைக்கா வைத்தாள். ஆனால் இந்த முறை பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோகவில்லை.

"சாயங்காலம் இஞ்ச வச்சுத்தான் பாப்பேன்."

மிக்ஸர் மேசை ஆண்கள் உட்காரும் பக்கத்தில் இருந்தது. அங்கே பெண்கள் போவதில்லை என்று யாரோ முணுமுணுத்தார்கள். மேசையைத் தூக்கித் தன் பக்கம் கொண்டுவந்து வைக்க ஆள் உண்டா என்று கேட்டாள். எவரும் எழவில்லை. ஸ்டூலை அங்கேயே இழுத்துப் போட்டுக்கொண்டு மீட்டரோடு உட்கார்ந்தாள்.

விளக்கு வைக்கும் நேரம் ஊரிலுள்ள வீடெல்லாம் சுவிட்சைப் போட, கரண்ட் இறங்கியது. பல்புகள் சிவந்தன. பாடகர் குழு ஒத்திகையைத் தொடங்கியது. வண்டும் வந்தது. பிளஸ் பக்கம் மீட்டர் அசையவில்லை. மைனஸ் பக்கம் பன்னிரண்டிலிருந்து சரிந்தது. ரெகுலேட்டர் பன்னிரண்டு கொடுக்க வேண்டுமென்றால், உள்ளே அதைவிட ஓரிரண்டு வோல்ட் கூடுதலாக வந்தாக வேண்டும். அதுதான் வரவில்லை. விரலைப் பின்னால் கொண்டுபோனாள். சூடேறும் 7912-ஐ ஒட்டி நின்ற பெரிய கெப்பாசிட்டர், ஒரு வருஷம் வெந்து காய்ந்து, மின்சாரத்தைத் தேக்கும் வலுவை இழந்திருந்தது. பகலில் வோல்ட்டேஜ் தாராளமாக இருந்ததால் குறை மறைந்திருந்தது. குற்றமற்ற ரெகுலேட்டரைத்தான் திரும்பத் திரும்ப மாற்றியிருக்கிறாள். கெப்பாசிட்டரை அந்த இடத்தில் வைத்ததும் அவள்தான்.

ராஜையா அருகில் வந்தார். கூடவே ராபின்சனும் வந்து நின்றார். "அப்பம் எல்லாம் ராபின்சன் தொட்டதுனால வந்த கேடு, இல்லியா?" என்றார் ராஜையா.

ஆமென்று தலையாட்டியிருந்தால் அத்தோடு தீர்ந்திருக்கும்.

"இல்ல, மாமா. புகை அண்ணனுக்க கைப்பிழை. இரைச்சல் எனக்கதாக்கும். கெப்பாசிட்டர சூட்டுப் பக்கம் வச்சது நான்."

"தப்ப ஒத்துக்கிட்டியே, நல்லது. இனி நீ அதத் தொட வேண்டாம்."

"தப்பு எனக்கதுன்னா, அதச் சரியாக்குததும் நானாக்கும்."

கெப்பாசிட்டரைப் புதிதாக மாற்றி, பெட்டியின் மறு மூலைக்குத் தள்ளினாள். அதோடு நிற்கவில்லை. இரண்டு ரெகுலேட்டரையும் கழற்றிவிட்டு, ஒன்பது வோல்ட் தரும் 7809, 7909 போட்டாள். வோல்ட்டைக் குறைத்தால் சத்தமும் குறையுமே என்றார் ராபின்சன். இந்த ஐ.சி.களுக்கு ஒன்பது தாராளம், கரண்ட் எவ்வளவு இறங்கினாலும் ஒன்பதுக்கு மேல் மிச்சம் இருக்கும் என்றாள். பகலில் அந்த மிச்ச வோல்ட் சூடாக மாறும். அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள அகலமான அலுமினியத் தகடு வைத்தாள்.

கன்வென்ஷனின் கடைசிச் சாயங்காலம் டியூப்லைட்டுகள் கண் சிமிட்டி அணையும் அளவுக்குக் கரண்ட் தாழ்ந்தது. பாட்டு மட்டும் தெளிவாகக் கேட்டது. ஒருவரும் அவளைப் பாராட்டவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை, குமிழ்களில் வைத்த கையை எடுக்காமல் கடைசி ஜெபம்வரை இருந்தாள்.

அடுத்த வருஷம் கமிட்டி கம்பெனி மிக்ஸர் வாங்கத்தான் செய்தது. பழையதை ஸ்டோர் ரூமில் போடலாம் என்றார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிய ஆனந்தபாய், கள்ளிக்காட்டில் ஒரு நாடகக் குழுவிடம் கொடுத்தாள். அவர்கள் சொல்லி மற்றவர்கள் வந்தார்கள். அதன்பின் செய்த ஒவ்வொரு பெட்டியின் முன்தகட்டிலும் 'ஆனந்தபாய், வெள்ளறடை' என்று எழுத்து வெட்டினாள். பாறசாலையிலிருந்து வந்த ஒருவர், பெட்டி பிடித்திருக்கிறது, பெண் பெயர் மட்டும் வேண்டாம், அழித்துத் தர முடியுமா என்று கேட்டார்.

"பேரு வேண்டாம்னா பெட்டியும் வேண்டாம், அண்ணா," என்று சொல்லி அதை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, பாதியில் நின்ற சால்டரிங் வேலைக்குத் திரும்பினாள்.