ஆற்றோர மாடி பார்த்துக் கொடுத்தவள்

பத்து. இந்த எண்ணை மறந்துவிடாதீர்கள். ஒரு ஜீப்புக்குப் பத்துப் பேர், அதற்கு மேல் ஒரு ஆள்கூட ஏற மாட்டோம் என்று ராசிங்காபுரத்துப் பெண்கள் சொன்னார்கள். சொன்னதோடு நிற்கவில்லை, மலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்தார்கள். அந்தப் பத்து என்ன ஆயிற்று என்று சொல்ல பேங்காக் நகரத்து மொட்டைமாடி ஒன்றுவரை போய்வர வேண்டியிருக்கிறது. கூட்டிப்போகிறவள் பெயர் பவதாரணி.

போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஏலக்காய்க் கடை ஒன்றின் மாடியில், சின்னதாக ஒரு டிராவல்ஸ். அங்கேதான் அவளுக்கு வேலை. ஏலக்காய் விலை ஏறிய வருஷங்களில் ஏலத்தோட்ட முதலாளிகளான தோட்டக்காரர்களும் பூச்சிமருந்துக் கடைக்காரர்களும் பழனிக்குப் போவதுபோல் பேங்காக் போகத் தொடங்கினார்கள். டிக்கெட், விசா எல்லாம் மதுரை ஏஜெண்டு பார்த்துக்கொள்வார். அங்கே இறங்கிய பிறகு எங்கே தூங்குவது, எங்கே சோறு கிடைக்கும், சாயங்காலம் எந்த மாடியில் உட்கார்ந்து குடிப்பது, இதெல்லாம் பவதாரணியின் சோலி. அவள் போன தூரம் மதுரை விமான நிலையத்து வாசல்வரைதான். பஸ்சில் பக்கத்து சீட்டில் குடித்தவன் உட்கார்ந்தால் எழுந்து நின்றுகொண்டே வீட்டுக்கு வருகிறவள் அவள்.

முதல் தடவை அவள் செய்த கூத்து ஊர் முழுக்கத் தெரியும். போடிக்கு மேற்கே மலை. சாயங்காலம் ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். வெளிச்சம் கிடக்கும், சூரியன் இருக்காது. பிறந்ததிலிருந்து அவளுக்கு அதுதான் அஸ்தமனம். அதே கணக்கில் பேங்காக்கிலும் நாலரைக்கு மேசை போட்டுவிட்டாள். அங்கே மலை எங்கே இருக்கிறது? போனவர்கள் மொட்டைமாடியில் மண்டை காய, அந்தக் காய்ச்சலுக்கு ஊற்றி ஊற்றிக் குடித்து, சூரியன் இறங்கும்முன் அவர்கள் இறங்கிவிட்டார்கள். அஸ்தமனத்தைப் பார்க்க ஒருவரும் தெளிவாக இல்லை. திரும்பி வந்ததும் அவளை நிற்கவைத்துக் கேட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒரு பிழை விடவில்லை. ஆற்றின் கிழக்குக் கரையில் உட்கார்ந்தால்தான் சூரியன் எதிர்க்கரைக் கோயில் கோபுரத்துக்குப் பின்னால் விழும் என்று கற்றுக்கொண்டாள். ரொம்ப உயரமான மாடி வேண்டாம், அங்கிருந்து பார்த்தால் ஆறு அரைஞாண் கயிறு மாதிரி தெரியும். எந்த மாடியில் செருப்புக் காலோடு உள்ளே விடமாட்டார்கள், எங்கே பாட்டுச் சத்தம் காதைக் கிழிக்கும், எங்கே மழை வந்தால் தலைக்கு மேல் கூரை இல்லை, எல்லாம் அடுத்தவர் போட்ட படங்களையும் புலம்பல்களையும் படித்தே தெரிந்துகொண்டாள். போடியிலிருந்து போகிறவர்கள் அவள் சொன்ன மாடியைத் தவிர வேறு மாடியில் ஏறுவதில்லை என்ற நிலைமை வந்தது.

அவள் அம்மா சுருளியம்மாள் ராசிங்காபுரத்துப் பெண்களோடு ஏலத்தோட்டத்தில் காய் பறிக்கிறவள். இருட்டு விலகும்முன் போடியில் ஜீப்பு ஏறி, போடிமெட்டு தாண்டி, கேரளத்துப் பக்கத் தோட்டத்தில் குனிந்து பறித்து, பொழுதோடு திரும்புவாள். ஜீப்புக்குள் மடிமேல் மடியாக உட்கார்ந்து, பின்னால் தொங்கிக்கொண்டுதான் பயணம். அந்த மழைக்காலத்தில் ஒரு வளைவில் ஜீப்பு உருண்டது. கூடப் பறிக்கிற பெரியம்மாள் என்பவளும் இன்னொரு பெண்ணும் செத்துப்போனார்கள். தோட்டத் தொழிலாளர் சங்கத் தலைவர் பாண்டியராஜன் கயிற்றைக் கட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கி, பெரியம்மாளைத் தோளில் போட்டு ஏற்றிக்கொண்டு வந்தார். இரங்கல் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து அவர் பேசியபோது அழாத பெண் இல்லை. ஜீப்புக்குப் பத்துப் பேர் என்ற கோரிக்கை அந்தக் கூட்டத்தில் பிறந்தது. கூடுதல் ஜீப்பைத் தோட்டக்காரர்கள் ஏற்பாடு செய்யவேண்டும், அதுவரை யாரும் மலை ஏறுவதில்லை.

மூன்றாவது வாரம் ஆயிற்று. மேலே காய் பழுத்து உதிர ஆரம்பித்தது. தோட்டக்காரர்கள் இறங்கிவருகிறார்கள் என்று பேச்சு. புதன்கிழமை ராத்திரி சென்னைக்குப் போய் அதிகாரிகளோடு பேசி முடித்துவிட்டு வருகிறேன், நான் வரும்வரை ஒருத்தியும் ஏறக்கூடாது என்று பாண்டியராஜன் சொல்லியிருந்தார். பெண்கள் நம்பிக்கையோடு கஞ்சியைக் குடித்துக்கொண்டு கிடந்தார்கள்.

அந்தத் திங்கட்கிழமை பவதாரணிக்குப் பிரபாகரனிடமிருந்து போன் வந்தது. ஊரில் பெரிய பூச்சிமருந்துக் கடை அவருடையது. தோட்டக்காரர்களும் வேண்டியவர்களுமாகப் பன்னிரண்டு பேரை அவர் செலவில் கூட்டிப்போகிறார். புதன் ராத்திரி கிளம்பி, வியாழன் சாயங்காலம் முதல் விருந்து. கடையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருக்க, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி போனை மேசையில் வைத்துவிட்டுப் பேசினார்.

பவதாரணி மூன்று மாடிகளைச் சொன்னாள். உயரமான ஒன்றில் பூட்ஸ் போட்டால்தான் விடுவார்கள். இன்னொன்றில் பாட்டு அதிகம். மூன்றாவது, பழைய கிடங்குக் கட்டடத்தின் ஆறாவது மாடி. கீழே ஆறு சுவரைத் தொட்டு ஓடும், எதிரே கோயில் கோபுரம், காற்று வரும், செருப்பைப் பற்றிக் கேட்க மாட்டார்கள்.

பிரபாகரன் யாரிடமோ திரும்பி, "அண்ணே, நீங்க சொல்லுங்க. நீங்கதான விருந்தாளி" என்றார்.

தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு குரல் வந்தது.

"மூணாவதே இருக்கட்டும்மா. ஆனா கூட்டத்துக்கு நடுவுல வேணாம். மூலையாப் பாத்து ஒரு மேசை போடு. போட்டோ எடுத்துப் போடுற பயலுக கண்ணுல படக்கூடாது."

வார்த்தையின் கடைசியை இழுத்து நிறுத்துகிற அந்தக் குரலை அவள் இரங்கல் கூட்டத்து மைக்கில் கேட்டிருக்கிறாள். அதைக் கேட்டு அழுதிருக்கிறாள். வேறென்ன கேட்பது என்று தெரியாமல், தினமும் எல்லோரிடமும் கேட்பதையே கேட்டாள்.

"மேசைக்கு யாரு பேரு குடுக்கட்டும் சார்?"

"விருந்தாளின்னே போடும்மா." அந்தப் பக்கம் சிரிப்பு.

"ஓட்டல்ல இருந்து ஒரு வேன் இருக்கு சார். பன்னெண்டு பேரும் கொஞ்சம் நெருக்கி உக்காந்தா போயிரலாம்."

"நெருக்கல்லாம் ஆகாதும்மா. ரெண்டு வேனாச் சொல்லு. மனுசன் காலு நீட்ட வேணாமா?"

"சரிங்க சார்" என்றாள் பவதாரணி.

மேசையையும் போட்டாள். மூலை மேசை, ரெண்டு வேன். இதை மறைத்துவிட்டு அவள் கதையைச் சொல்ல முடியாது.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னாள். சுருளியம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். குரல் என்றால் ஒன்றுபோல் பத்துப் பேருக்கு இருக்கும் என்றாள். பவதாரணி விடவில்லை, வேன் விஷயத்தையும் சொன்னாள். சுருளியம்மாள் பானையை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அந்த மனுசன் பெரியம்மாளத் தோள்ல போட்டுக் கொண்டாந்தாரு. சட்டையெல்லாம் ரத்தம். நீ அன்னைக்கு எங்க இருந்த? ஆபீசுல."

சுருளியம்மாள் அரிசிப் பானையை மறுபடி கையில் எடுத்தாள்.

"ஒனக்குச் சம்பளம் வர்றது மொதலாளிமாரு காசுல. அவுக பேச்சு ஒன் வாயில வரும். அத எங்கிட்ட கொண்டாராத."

ரெண்டு நாள் ஒரே வீட்டில் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டார்கள். பவதாரணிக்குத் தலைவர் செய்ததைவிட இது பெரிதாக வலித்தது. பொய் சொன்னவனை ஊரே நம்புகிறது. பெற்ற தாய் தன்னை நம்பவில்லை.

வியாழக்கிழமை பாண்டியராஜனின் போன் மொக்கம்மாளுக்கு வந்தது. பெண்களுக்குள் அவள்தான் முன்னால் நின்று பேசுகிறவள், சங்கத்துச் சந்தாவும் அவள் கையில். சென்னையில்தான் இருக்கிறேன், பேச்சு நல்லபடியாகப் போகிறது, ஆனால் நாம் இறங்கிவந்தோம் என்று காட்டவேண்டும், நாளையிலிருந்து எல்லோரும் வழக்கம்போல் ஏறுங்கள், பத்தை நான் வாங்கித் தருகிறேன் என்றாராம். ஜீப்பு ஸ்டாண்டில் கூடியிருந்த பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். வரும்வரை ஏறாதே என்றவர் வராமலே ஏறு என்கிறார்.

சுருளியம்மாள் நேரே மகளுடைய ஆபீஸ் படி ஏறினாள். வீம்புக்கு வந்தாளா, சந்தேகத்தில் வந்தாளா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. வந்ததும் வீம்பைத்தான் எடுத்தாள். "சென்னையில இருந்து பேசுனாரு. மொக்கம்மா கேட்டா. இப்ப என்ன சொல்ற?"

மகள் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். அம்மா குடித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. பிரபாகரன், வீடியோவில். போடியில் இன்னும் மலைக்கு மேல் வெயில். அங்கே நேரம் நமக்கு முன்னால் ஓடுகிறதல்லவா, வானம் செம்பாகக் கிடந்தது.

"தங்கச்சி, நீ சொன்னது சொன்னபடி இருக்கு. கோபுரத்துக்குப் பின்னால எப்படி எறங்குது பாரு" என்று பிரபாகரன் போனைச் சுற்றிக் காட்டினார். அகலமான ஆறு. விளக்கு போட்டுக்கொண்டு போகும் படகுகள். மேசை நிறையத் தட்டுகள். மூலையில் பூப்போட்ட சட்டையில் ஒரு ஆள், எதிர் நாற்காலியில் ரெண்டு காலையும் நீட்டிப்போட்டு, கையில் கிளாசோடு சாய்ந்திருந்தார். அவரே போனை வாங்கினார். நாலு முழ வேட்டியிலும் சிவப்புத் துண்டிலும் பார்த்த முகம்.

"நீதானம்மா எடம் பாத்துக் குடுத்தது? ஒரு கொறையும் இல்ல. கைராசிக்காரி."

சுருளியம்மாள் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். மகள் கையிலிருந்த போனைத் தன் கைக்கு வாங்கினாள். கத்தவில்லை.

"அண்ணே, நான் சுருளியம்மா. சென்னையில ஆறு இம்புட்டு அகலமாண்ணே?"

பாண்டியராஜன் முகம் அப்படியே நின்றது. பிறகு வானம் தெரிந்தது, பிறகு மேசைக் கால் தெரிந்தது. யாரண்ணே அது என்று பிரபாகரன் சிரித்துக்கொண்டே கேட்டது காதில் விழுந்தது. இணைப்பு அறுந்தது.

சுருளியம்மாள் படியிறங்கி ஓடினாள். ஆனால் பேங்காக்கிலிருந்து போன் அவளைவிட வெரசாக ஓடிவிட்டது. ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பாண்டியராஜனிடமிருந்து மொக்கம்மாளுக்கு விஷயம் வந்திருந்தது. டிராவல்சில் வேலை பார்க்கும் பெண்ணை வைத்து முதலாளிகள் சங்கத்தை உடைக்கப் பார்க்கிறார்கள், போனில் எந்த முகத்தை வேண்டுமானாலும் ஒட்டலாம், ஏமாந்துவிடாதீர்கள் என்று.

"ஒம் மக யாரு சோத்தத் திங்கிறா சுருளி?" என்று மொக்கம்மாள் கேட்டாள். அந்தக் கேள்வியைத் திங்கட்கிழமை அவளே வீட்டில் கேட்டுவிட்டாள்.

அன்றைக்குப் பொழுது சாய்ந்ததும் பவதாரணி ராசிங்காபுரத்தில் பெண்கள் கூடியிருந்த இடத்துக்குத் தானாகவே போனாள். மேசை போட்டதே நான்தான் என்றாள். மூலை கேட்டது, பெயர் வேண்டாம் என்றது, வேன் ரெண்டு கேட்டது, ஒன்று விடாமல் சொன்னாள். பாதிப் பேர் நம்பிவிட்டார்கள், முகத்தில் தெரிந்தது. பெரியம்மாளின் நாத்தனார் மாயக்காள் மட்டும் ஒன்று கேட்டாள்.

"திங்கக்கெழமையே தெரியும்ல. தெரிஞ்சும் எதுக்குத்தா போட்டுக் குடுத்த?"

சோலி போய்விடும் என்று பயந்தேன் என்பதுதான் உண்மை. அதைச் சொல்லியிருக்கலாம். மூன்று வாரம் சோலி இல்லாமல் கிடந்த பெண்கள் முன்னால் அவளால் அதைச் சொல்ல முடியவில்லை.

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன் ஜீப்புகள் வரிசையாக வந்து நின்றன. கூடுதலாக ஒரு ஜீப்பும் வரவில்லை. டிரைவர் ஈஸ்வர் எல்லோரையும் ஆத்தா ஆத்தா என்று அழைத்து, பின்னால் நிற்பவர்களை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான். பாண்டியராஜனை நம்பியவர்கள் ஏறினார்கள். நம்பாதவர்களும் ஏறினார்கள். நம்பாதவர்கள் தலையைக் குனிந்துகொண்டு ஏறினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும், மேலே பழுத்த காய் கிடக்கிறது, தலைவரும் ஏறச் சொல்லிவிட்டார். இவ்வளவும் சேர்ந்து ஒரு பெண்ணின் காலைத் தூக்கி ஜீப்புப் படியில் வைக்காதா?

பவதாரணி அம்மாவோடு வந்திருந்தாள். மொக்கம்மாள் உள்ளே இருந்து ஒடுங்கி உட்கார்ந்து கையை நீட்டினாள். "வா சுருளி, எடம் இருக்கு" என்றாள். இடம் இல்லை, பார்த்தாலே தெரிந்தது. சுருளியம்மாள் தூக்குச்சட்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

கடைசி ஜீப்பும் மெட்டுச் சாலையில் ஏறிப் போனது.

சுருளியம்மாள், பவதாரணி, கொஞ்சம் தள்ளி மாயக்காள். ஏறாமல் நின்றவர்கள் மூன்று பேர்.